பல்கலைக்கழகப் பேஸ்பால் பயிற்சியாளர் தேர்வு

பல்கலைக்கழகப் பேஸ்பால் பயிற்சியாளர் தேர்வு என்பது, ஒரு பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணிக்குப் பயிற்சி அளித்து, களத்தில் அதை வழிநடத்தத் தகுந்தவரைக் கண்டறிந்து அமர்த்தும் நடைமுறை ஆகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'தலைமைப் பேஸ்பால் பயிற்சியாளர்' என்பது ஊதியமும் ஒப்பந்தமும் கொண்ட முழுநேரப் பதவி. அது காலியானால் நாடு முழுவதும் தேடல் நடக்கும். இந்தியப் பல்கலைக்கழகங்களில் இப்பெயரில் தனிப் பதவி பொதுவாக இல்லை. எல்லா விளையாட்டுகளுக்கும் பொறுப்பான உடற்கல்வி இயக்குநர் பதவியே சட்டப்படியான பதவி. பேஸ்பால் அணிக்கான பயிற்சியாளர் போட்டிக் காலத்தில் மட்டும் நியமிக்கப்படுகிறார். இந்த வேறுபாடு விளையாடும் மாணவரின் உடல்நலத்தையும் வேலைவாய்ப்பையும் நேரடியாகப் பாதிப்பதால், இரு நடைமுறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஓசூர் - கிருஷ்ணகிரி தொழில் வட்டாரத்தின் கல்லூரிகள் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

ஆட்டமும் பயிற்சியாளரின் வேலையும்

தமிழில் அடிபந்தாட்டம் என்றும் எழுதப்படும் பேஸ்பால், அணிக்கு 9 பேர் ஆடும் ஆட்டம். பந்தை எறிபவர் பிட்சர் எனப்படுவார். அவர் நிற்கும் இடத்திலிருந்து மட்டையாளர் நிற்கும் தளம் வரை 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர் தூரம். ஓடிக் கடக்க வேண்டிய நான்கு தளங்கள் 90 அடி இடைவெளியில் சதுரமாக அமைந்திருக்கும். பேஸ்பால் பந்து 142 முதல் 149 கிராம் எடை கொண்டது. 156 முதல் 163 கிராம் வரை இருக்கும் கிரிக்கெட் பந்தைவிடச் சற்று இலேசானது.

கிரிக்கெட் தெரிந்தவருக்குப் பேஸ்பால் எளிது என்ற எண்ணம் பரவலாக உண்டு. பந்தைப் பிடிப்பதிலும் தூர எறிவதிலும் அது ஓரளவு உண்மை. ஆனால் கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் முழங்கையை 15 பாகைக்கு மேல் நீட்டக் கூடாது. பேஸ்பாலில் முழங்கையை மடக்கி, தோளைச் சுழற்றி, சாட்டையைச் சொடுக்குவது போல எறிய வேண்டும். அந்த விசை முழங்கையின் உட்புறத் தசைநாரிலும் தோள் மூட்டிலும் இறங்குகிறது. மட்டை உருளை வடிவில் இருப்பதால் அடிக்கும் முறையும் வேறு. அடித்தபின் ஓடுவதா நிற்பதா என்ற தேர்வு கிரிக்கெட்டில் மட்டையாளருக்கு உண்டு. பேஸ்பாலில் எல்லைக் கோடுகளுக்குள் அடித்த பந்துக்கு அவர் ஓடியே ஆக வேண்டும்.

ஆகவே பேஸ்பால் பயிற்சியாளரின் வேலை மூன்று பகுதிகளைக் கொண்டது. ஆட்ட நுட்பங்களைக் கற்பிப்பது முதலாவது. யாரை எந்த இடத்தில் நிறுத்துவது, பிட்சரை எப்போது மாற்றுவது என்ற களமுடிவுகள் இரண்டாவது. எத்தனை எறிதல், எத்தனை நாள் ஓய்வு என்று கணக்கு வைத்து மாணவரின் கையைப் பாதுகாப்பது மூன்றாவது. முதல் இரண்டும் பார்வையாளருக்குத் தெரியும். மூன்றாவது வெளியே தெரிவதில்லை. தேர்வு நடத்துவோரும் பெரும்பாலும் அதைக் கேட்பதில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முறை

அமெரிக்காவில் பல்கலைக்கழக விளையாட்டுகளைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஒழுங்குபடுத்துகிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் விளையாட்டுத் துறைத் தலைவர் ஒருவர் இருப்பார். அவருக்குக் கீழே ஒவ்வோர் ஆட்டத்திற்கும் தனித் தலைமைப் பயிற்சியாளர் இருப்பார். பேஸ்பால் தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே எறிதலுக்கு ஒருவர், மட்டையடிக்கு ஒருவர் என்று உதவிப் பயிற்சியாளர்கள் உண்டு. பள்ளி மாணவர்களைத் தேடிப் பார்த்து அணிக்குச் சேர்ப்பதும் தலைமைப் பயிற்சியாளரின் பொறுப்பு.

பதவி காலியானதும் விளையாட்டுத் துறைத் தலைவர் தேடலைத் தொடங்குவார். சில இடங்களில் தேர்வுக்குழு அமைக்கப்படும். சில இடங்களில் ஆள்தேடும் நிறுவனங்களின் உதவி பெறப்படும். வேறு பல்கலைக்கழகத்தில் வெற்றி பெற்ற பயிற்சியாளரை அழைப்பது, தம்மிடமே உள்ள உதவிப் பயிற்சியாளரை உயர்த்துவது ஆகியவையே வழக்கமான இரு வழிகள்.

2024 ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில் இவ்விரு வழிகளும் அடுத்தடுத்துப் பின்பற்றப்பட்டன. அவ்வாண்டு ஜூன் 24 அன்று கல்லூரி உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் டென்னசி பல்கலைக்கழகத்திடம் தோற்றது. மறுநாளே ஏ அண்ட் எம் பயிற்சியாளர் ஜிம் ஷ்லாஸ்நேகல், போட்டிப் பல்கலைக்கழகமான டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். பயிற்சியாளரை இழந்த ஏ அண்ட் எம், சில நாட்களுக்குள் தன் மட்டையடிப் பயிற்சியாளர் மைக்கேல் எர்லியைத் தலைமைப் பொறுப்புக்கு உயர்த்தியது.

இத்தகைய திடீர் மாற்றங்கள் செய்தியாகின்றன. ஆனால் அந்த முறையின் உண்மையான வலிமை நீடித்த பணிக்காலத்தில் உள்ளது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பில்லி டிஷ் 1911 ஆம் ஆண்டு பொறுப்பேற்றார். அவருக்குப் பின் பிப் பால்க், கிளிஃப் கஸ்டஃப்சன், ஆகி கரிடோ ஆகியோர் பணியாற்றினர். கரிடோ விலகியது 2016 ஆம் ஆண்டில். இரண்டாம் உலகப் போர்க்கால இடைவெளி நீங்கலாக, நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் நான்கே பயிற்சியாளர்கள். முதலாம் ஆண்டு சேரும் மாணவர், தம்மைத் தேர்ந்தெடுத்த பயிற்சியாளரிடமே பட்டம் பெறும்வரை கற்கிறார் என்பதே இதன் பொருள்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முறை

இந்தியாவில் உயர்கல்வி நிறுவனங்களில் விளையாட்டுக்கென உள்ள பதவிகளின் தகுதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஆம் ஆண்டு ஜூலை ஒழுங்குமுறைகள் வகுத்தன. பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி மற்றும் விளையாட்டு உதவி இயக்குநர், துணை இயக்குநர், இயக்குநர் என மூன்று நிலைகள் உண்டு. கல்லூரியில் இருப்பவர் கல்லூரி உடற்கல்வி இயக்குநர். பள்ளியில் 'பி.டி. மாஸ்டர்' என்று அழைத்துப் பழகிய மாணவர்கள் இவரை 'பி.டி. சார்' என்றே அழைப்பது வழக்கம்.

தகுதிகள்

தொடக்கநிலைப் பதவிகளான உதவி இயக்குநர், கல்லூரி உடற்கல்வி இயக்குநர் ஆகியவற்றுக்கு அந்த ஒழுங்குமுறைகள் கூறும் முக்கியத் தகுதிகள் வருமாறு:

- உடற்கல்வி, உடற்கல்வி மற்றும் விளையாட்டு அல்லது விளையாட்டு அறிவியலில் 55 விழுக்காடு மதிப்பெண்களுடன் முதுகலைப் பட்டம்.
- பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அல்லது கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளிலோ, மாநில அல்லது தேசியப் போட்டிகளிலோ பங்கேற்ற சான்று.
- நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் அல்லது அதற்கு இணையான மாநிலத் தேர்வில் தேர்ச்சி. உரிய விதிகளின்படி முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு இதில் விலக்கு உண்டு.
- உடற்தகுதித் தேர்வில் தேர்ச்சி.

ஆசிய விளையாட்டு அல்லது காமன்வெல்த் விளையாட்டில் பதக்கம் வென்று, முதுகலைப் பட்டமும் பெற்றவருக்குத் தனி வழி உண்டு.

உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 12 நிமிடத்தில் குறிப்பிட்ட தூரத்தை ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். 30 வயது வரை 1,800 மீட்டர், 40 வயது வரை 1,500 மீட்டர், 45 வயது வரை 1,200 மீட்டர், 50 வயது வரை 800 மீட்டர். பெண்களுக்கு நேரம் 8 நிமிடம். அதே வயது வரிசையில் தூரம் 1,000, 800, 600, 400 மீட்டர். தேர்வுக்கு முன் மருத்துவச் சான்று காட்ட வேண்டும்.

துணை இயக்குநர் பதவிக்கு முனைவர் பட்டமும் 8 ஆண்டு அனுபவமும் வேண்டும். போட்டிகளையும் குறைந்தது இரண்டு வாரப் பயிற்சி முகாம்களையும் நடத்திய சான்று வேண்டும். தாம் உருவாக்கிய அணிகள் அல்லது வீரர்கள் நன்கு ஆடியதற்கான சான்றும் கேட்கப்படுகிறது. பயிற்சித் திறன் என்பது இந்த நிலையில்தான் விதியில் தெளிவாக இடம்பெறுகிறது.

இவை குறைசொல்ல வேண்டிய தகுதிகள் அல்ல. ஆனால் இவை ஒரு துறையை நிர்வகிப்பவருக்கான தகுதிகள். 12 நிமிட ஓட்டம் விண்ணப்பதாரரின் மூச்சுத் திறனைக் காட்டும். மாணவரின் தோளில் வலி தொடங்குவதைக் கண்டுகொள்ளும் திறனைக் காட்டாது. கபடியில் மாநில அளவில் ஆடிய ஒருவர் எல்லாத் தகுதிகளும் பெற்று இயக்குநராகலாம். பேஸ்பால் பந்தைக் கையால் தொட்டிராதவராகவும் அவர் இருக்கலாம். தடகளம், கைப்பந்து, சதுரங்கம், பேஸ்பால் என அத்தனைக்கும் அவர் ஒருவரே பொறுப்பு என்பதால் இதைத் தவிர்க்க முடியாது.

தேர்வுக்குழு

இப்பதவிகளுக்கான தேர்வுக்குழு, இணையான ஆசிரியர் பதவிகளுக்கான குழுவைப் போன்றே அமைகிறது. பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் தலைமை வகிப்பார். துறை வல்லுநர்கள் இடம்பெறுவர். பணியில் உள்ள உடற்கல்வி இயக்குநர் ஒருவர் வல்லுநர்களுள் ஒருவராகச் சேர்க்கப்பட வேண்டும் என்பது விதி. பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகிய பிரிவுகளிலிருந்து விண்ணப்பதாரர் இருந்து, குழுவில் அப்பிரிவினர் எவரும் இல்லாவிட்டால், அப்பிரிவைச் சேர்ந்த கல்வியாளர் ஒருவரும் சேர்க்கப்படுவார்.

அணிக்கான பயிற்சியாளர்

இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் ஒருங்கிணைக்கிறது. 1925 ஆம் ஆண்டு பல்கலைக்கழகங்களிடை வாரியமாகத் தொடங்கி, 1973 ஆம் ஆண்டு இப்பெயர் பெற்ற அமைப்பு இது. அதன் போட்டிப் பட்டியலில் பேஸ்பாலும் உள்ளது. 17 முதல் 25 வயது வரையுள்ள முழுநேர மாணவர்கள் இப்போட்டிகளில் ஆடலாம்.

போட்டி அறிவிக்கப்பட்டதும் பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளிலிருந்து ஆட்டக்காரர்களை அழைத்துத் தெரிவு நடத்தும். தெரிவானவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி முகாம் நடக்கும். அணியுடன் பயிற்சியாளர் ஒருவரும் மேலாளர் ஒருவரும் செல்வர். இணைப்புக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களே பெரும்பாலும் இப்பொறுப்புகளுக்கு அனுப்பப்படுகின்றனர். வெளியிலிருந்து பயிற்சியாளரை அழைத்தால் நாட்கணக்கில் மதிப்பூதியம் தரப்படும். போட்டி முடிந்ததும் அந்தப் பொறுப்பும் முடிந்துவிடும். அடுத்த ஆண்டு வேறொருவர் வரக்கூடும்.

எனவே இந்தியாவில் 'பேஸ்பால் பயிற்சியாளர் தேடல்' என்பது நாளிதழ் விளம்பரத்தில் தொடங்கி நேர்காணலில் முடிவதில்லை. 'இந்த முறை அணியுடன் யார் போவது?' என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலாகவே அது முடிகிறது. அனுப்பப்படுபவர் ஆர்வமுள்ளவராக அமைந்தால் அணிக்கு நல்ல காலம். அமையாவிட்டால் அவர் வருகைப் பதிவேட்டையும் பயணச்சீட்டுகளையும் மட்டும் பார்த்துக்கொள்வார்.

பயிற்சியாளர்கள் உருவாகும் இடங்கள்

உடற்கல்வி ஆசிரியரை முறையாகப் பயிற்றுவிக்கும் வழக்கம் இந்தியாவில் சென்னையிலிருந்து பரவியது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920 ஆம் ஆண்டு இங்குத் தொடங்கிய பள்ளியே இன்றைய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. 1924 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராகவும் அவர் பணியாற்றினார். உடற்கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் அமைக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2004 ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்படி அமைந்த தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ளது. பி.பி.எட்., எம்.பி.எட். படிப்புகள் ஆசிரியரையும் இயக்குநரையும் உருவாக்குகின்றன.

ஓர் ஆட்டத்தில் மட்டும் பயிற்சியாளராக விரும்புவோருக்கு வேறு வழி உண்டு. 1961 ஆம் ஆண்டு பாட்டியாலாவில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம், ஆட்டவாரியாகப் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை நடத்துகிறது. என்.ஐ.எஸ். கோச் என்று மக்கள் சொல்வது இப்பட்டயம் பெற்றவரையே. பெங்களூரில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென்மண்டல மையத்திலும் சில ஆட்டங்களுக்கு இப்படிப்பு நடந்துள்ளது. பேஸ்பாலுக்கு நாடு தழுவிய அமைப்பாக 1983 ஆம் ஆண்டு இந்திய அமெச்சூர் பேஸ்பால் கூட்டமைப்பு உருவானது. அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2019 ஆம் ஆண்டு டெல்லியில் அலுவலகம் திறந்தது.

மாணவருக்கு என்ன பயன்

சிறிய ஆட்டம் ஒன்றுக்குப் பயிற்சியாளரை இவ்வளவு கவனமாகத் தேட வேண்டுமா என்ற கேள்வி எழலாம். 2028 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பால் மீண்டும் இடம்பெறுகிறது என்பது ஒரு காரணம். ஆயினும் கல்லூரி மாணவருக்கு அதைவிட நெருக்கமான காரணம் வேலை.

மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் விளையாட்டு வீரர்களை நியமிப்பதற்கான பட்டியலில் முன்பு 43 விளையாட்டுகள் இருந்தன. 2020 செப்டம்பரில் 20 விளையாட்டுகள் சேர்க்கப்பட்டு அது 63 ஆனது. புதிதாகச் சேர்ந்தவற்றுள் பேஸ்பாலும் ஒன்று. பல்கலைக்கழக அணிக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருப்பது இந்த ஒதுக்கீட்டுக்கு உரிய தகுதிகளுள் ஒன்று. ஆகவே அணியில் கிடைக்கும் ஓர் இடம் கோப்பையோடு முடிந்துவிடுவதில்லை. கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைக்கு அது அரசு வேலைக்கான விண்ணப்பத்தில் இணைக்கும் சான்றிதழ். தெரிவை நடத்துபவர் ஆட்டம் அறிந்தவராகவும் நடுநிலையானவராகவும் இருக்க வேண்டியதன் தேவை இங்குத் தெரியும்.

மற்றொரு பக்கம், கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிகள் 2020 ஆம் ஆண்டு புவனேசுவரத்திலும் 2022 ஆம் ஆண்டு பெங்களூரிலும் நடந்தபோது பேஸ்பால் அவற்றில் இடம்பெறவில்லை. நிதியும் கவனமும் பட்டியலில் உள்ள ஆட்டங்களுக்கே முதலில் செல்லும். பேஸ்பாலுக்குத் தனிப் பயிற்சியாளர் கேட்கும் உடற்கல்வி இயக்குநர் இந்தத் தடையையும் கடக்க வேண்டியுள்ளது.

மாணவருக்கு என்ன ஆபத்து

1974 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் முழங்கையில் அறுந்த தசைநாருக்கு மாற்றாக அவர் உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த தசைநாரைப் பொருத்தினார். அந்த அறுவைச் சிகிச்சை இன்றும் அந்த வீரரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. இளம் பிட்சர்களுக்கும் அது தேவைப்படும் நிலை பெருகியதால், அளவுக்கு மீறிய எறிதலைத் தடுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன.

மேஜர் லீக் அமைப்பும் அமெரிக்கப் பேஸ்பால் கூட்டமைப்பும் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 17, 18 வயதினர் ஒரு நாளில் 105 முறைக்கு மேல் எறியக் கூடாது. 19 முதல் 22 வயது வரை அந்த உச்சவரம்பு 120. ஒரு நாளில் 80 முறைக்கு மேல் எறிந்தவருக்குக் குறைந்தது 4 நாள் ஓய்வு வேண்டும். 30 முறைக்குள் எறிந்தவர் மட்டுமே மறுநாளும் எறியலாம்.

இந்தக் கணக்கை நம் போட்டி முறையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆட்டங்கள் அடுத்தடுத்த நாட்களில் வரக்கூடும். குறுகிய முகாமில் ஓரளவு சரியாக எறியக் கற்றவர் ஒருவரோ இருவரோ இருப்பர். வெற்றி வேண்டும் என்பதற்காக அதே மாணவரை நாள்தோறும் எறியச் சொன்னால், அவர் மறுக்க மாட்டார். மறுத்தால் அணியில் இடம் போகும் என்ற அச்சமும் இருக்கும். பயிற்சியாளருக்கு எண்ணிக்கை விதி தெரியாவிட்டால் அவரைத் தடுத்து நிறுத்த அங்கு வேறு எவரும் இல்லை. நான்கு பிட்சர்களை ஆண்டு முழுவதும் தயார் செய்துவைக்கும் பயிற்சியாளர் இருந்தால் இந்தச் சிக்கலே எழாது. பதவி நீடிப்பு ஏன் முக்கியம் என்பதற்கு இதுவே நேரடியான விடை.

புதியவர்களைப் பழக்குவது: ஓர் எடுத்துக்காட்டு

பேஸ்பால் அறியாத இந்திய இளைஞர்களை நல்ல பயிற்சியாளரால் எவ்வளவு தூரம் கொண்டுசெல்ல முடியும் என்பதற்கு ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் ஆகியோரின் வரலாறு சான்று. உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த இருவரும் ஈட்டி எறிபவர்கள். 2008 ஆம் ஆண்டு இந்தியாவில் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற பெயரில் வேகமாகவும் குறிதவறாமலும் பந்து எறியும் போட்டி நடந்தது. அதில் ரிங்கு சிங் மணிக்கு 87 மைல், அதாவது சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து வென்றார்.

இருவரும் அமெரிக்கா அழைத்துச் செல்லப்பட்டு, தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எறிதல் பயிற்சியாளர் டாம் ஹவுஸிடம் பயின்றனர். அவ்வாண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிறுவனம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அதன் முதன்மை அணிவரை அவர்கள் எட்டவில்லை. எனினும், பேஸ்பாலே அறியாமல் சென்றவர்கள் சில மாதங்களில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்றது குறிப்பிடத்தக்கது. வேகம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதைப் பேஸ்பாலுக்கு ஏற்றவாறு திருத்தி அமைத்தது நாள்தோறும் உடனிருந்த பயிற்சி. அவர்களின் கதை 2014 ஆம் ஆண்டு திரைப்படமாகவும் வந்தது.

ஓசூர் - கிருஷ்ணகிரி வட்டாரத்தின் நிலை

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. ஓசூர் 2019 ஆம் ஆண்டு மாநகராட்சி ஆனது. சிப்காட் தொழிற்பேட்டை, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகள் ஆகியவற்றால் பல மாவட்டத்தினரும் பல மாநிலத்தினரும் குடியேறிய பகுதி இது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வகுப்பறையிலும் மைதானத்திலும் புழங்குகின்றன.

பயிற்சியாளர் தேர்வு என்று வரும்போது இவ்வட்டாரத்திற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்குள்ள கலை அறிவியல் கல்லூரிகள் 1997 ஆம் ஆண்டு சேலத்தில் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்கள் அதன் எல்லை. பொறியியல் கல்லூரிகள் சென்னையிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே மைதானத்தில் ஆடிய இரு நண்பர்களில் ஒருவர் கலைக் கல்லூரியிலும் மற்றவர் பொறியியல் கல்லூரியிலும் சேர்ந்தால், இருவரும் வெவ்வேறு பல்கலைக்கழக அணிகளுக்கு உரியவர்கள். ஓசூர் மாணவர் பல்கலைக்கழகத் தலைமையிடத்தில் நடக்கும் தெரிவுக்குச் செல்லச் சுமார் 160 கிலோமீட்டர் பயணம் செய்து சேலம் போக வேண்டும். முகாமும் அங்கு நடந்தால் தங்கும் செலவும் சேரும்.

அதே ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர்தான். விளையாட்டு ஆணையத்தின் தென்மண்டல மையம் அந்நகரில் இருக்கிறது. ஆனால் மாநில எல்லை நடுவில் உள்ளது. மாநிலச் சங்கம், பல்கலைக்கழக மண்டலம், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகம் என்ற நிர்வாக வரிசை முழுவதும் தெற்கே சேலத்தையும் கிழக்கே சென்னையையும் நோக்கியது. மாணவர் எந்த மாநிலக் கல்லூரியில் படிக்கிறாரோ அங்குள்ள பல்கலைக்கழகத்திற்குத்தான் ஆட முடியும். பயிற்சியாளருக்கோ அத்தகைய தடை இல்லை. மதிப்பூதிய அடிப்படையில் எல்லைக்கு அப்பாலிருந்து வார இறுதிகளில் வந்து பயிற்சி அளிக்க விதிமுறைத் தடை ஏதும் இருப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை. கல்லூரி நிர்வாகத்தின் அனுமதியும் சிறு நிதியும் போதும். எல்லையோர வட்டாரத்திற்கு இது ஒரு வாய்ப்பு.

மைதானமும் பெரிய தடை அல்ல. கிரிக்கெட் ஆடும் அளவுக்கு இடமுள்ள கல்லூரி மைதானத்தின் ஒரு மூலையில் மட்டையாளர் தளத்தை அமைத்து, பின்புறம் உயரமான வலை கட்டினால் பயிற்சிக்குப் போதும். கேட்சருக்கான முகக்கவசம், மார்புக் கவசம், கால் கவசம், மட்டையாளருக்கான தலைக்கவசம் ஆகியவற்றில் மட்டும் சிக்கனம் கூடாது.

தேர்வின்போது கேட்க வேண்டியவை

முழுநேரப் பதவி உருவாகும்வரை, மதிப்பூதியப் பயிற்சியாளரை அமர்த்தும் கல்லூரியோ பல்கலைக்கழகமோ கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிவது நல்லது.

1. விண்ணப்பதாரர் பேஸ்பாலோ சாஃப்ட்பாலோ எந்த அளவில் ஆடியுள்ளார்? யாருக்குப் பயிற்சி அளித்துள்ளார்? ஆடியதற்கான சான்றிதழும் பயிற்சி அளித்ததற்கான சான்றும் வேறு வேறு. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

2. 19 வயது மாணவர் ஒருவர் நேற்று 90 முறை எறிந்திருந்தால், இன்று அரையிறுதியில் அவரை என்ன செய்வீர்கள்? இதற்குத் தயங்காமல் 'எறிய விடமாட்டேன்' என்று சொல்பவரே கையின் மதிப்பை அறிந்தவர். வேறு இடத்தில் அவரை எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்ற அடுத்த கேள்வியில் அவருடைய ஆட்ட அறிவு வெளிப்படும்.

3. நேர்காணல் அறையோடு நின்றுவிடாமல், பத்து மாணவர்களை மைதானத்தில் நிறுத்தி அரை மணி நேரம் பயிற்சி தரச் சொல்ல வேண்டும். ஆசிரியர் தேர்வில் மாதிரி வகுப்பு நடத்தச் சொல்வதற்கு இணையானது இது. மாணவர்கள் எத்தனை முறை பந்தைத் தொட்டார்கள், அவர் எத்தனை நிமிடம் பேசிக்கொண்டே இருந்தார் என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும்.

4. முதலுதவி தெரியுமா? கடினமான பந்து தலையிலோ மார்பிலோ பட்டால் முதல் சில நிமிடங்களில் செய்ய வேண்டியதைச் சொல்லத் தெரிய வேண்டும்.

5. பெண்கள் அணி உண்டெனில், பயணத்திலும் முகாமிலும் பெண் பயிற்சியாளரோ ஆசிரியரோ உடனிருக்க ஏற்பாடு உண்டா? தேசிய அணிகளில் வீராங்கனைகள் செல்லும்போது பெண் பயிற்சியாளர் உடன் செல்ல வேண்டும் என்று 2022 ஆம் ஆண்டு இந்திய விளையாட்டு ஆணையம் அறிவுறுத்தியது. கல்லூரி அணிகளுக்கும் அது பொருந்தும் நெறியே.

6. குறைந்தது இரண்டு கல்வியாண்டுகள் தொடர்வாரா? ஆண்டுதோறும் ஆள் மாறினால் முதலாம் ஆண்டு மாணவருக்குக் கற்பித்தது மூன்றாம் ஆண்டுவரை நீடிக்காது.

7. ஒவ்வொரு மாணவருக்கும் எறிதல் எண்ணிக்கை, காயம், ஓய்வு நாள் ஆகியவற்றுக்கான குறிப்பேடு வைப்பாரா? பயிற்சியாளர் மாறினாலும் அந்த ஏடு கல்லூரியிலேயே இருக்க வேண்டும்.

இவற்றுள் ஏழாவது, புதிய பயிற்சியாளர் கிடைக்காத கல்லூரியிலும் உடனே தொடங்கக்கூடியது. ஏற்கெனவே பணியில் உள்ள உடற்கல்வி இயக்குநரே ஒரு நாற்பது பக்க நோட்டில் இதைத் தொடங்கலாம். அணியுடன் அடுத்த முறை யார் அனுப்பப்பட்டாலும், எந்த மாணவரின் கை எத்தனை நாள் ஓய்வில் இருக்கிறது என்பது அவருக்குப் பயணம் புறப்படும் முன்பே தெரிந்திருக்கும்.